குவளாலமும் கோலாரும்

கருநாடக வட்டார வரலாற்றை ஆராய விழைவோர் இன்று தம் இல்லத்திலிருந்தே தொடங்கலாம். பி. எல். ரைஸ் தொடங்கிய ‘எபிகிராபியா கர்னாடிகா’ தொகுதிகளின் மின்படிகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1905இல் வெளிவந்த 10ஆம் தொகுதி கோலார் மாவட்டத்திற்குரியது. அதில் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன.

எனினும், இன்றைய ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு மூலபாடத்தில் தேடுவோர்க்கு அவை புலப்படா. கல்வெட்டு கூறும் பெயர் ‘குவளாலம்’. அது நிகரிலிசோழ மண்டலத்தைச் சார்ந்தது. ‘உவ’ என்பது ‘ஓ’ எனச் சுருங்கியும், ஈற்று லகரம் ரகரமாகத் திரிந்தும் ‘கோலார்’ எனும் வடிவம் அமைந்தது எனலாம்.

மொழிபெயர்ப்பாளர் பழம்பெயரை நீக்கி இன்றைய பெயரை மட்டும் இடுவாராயின், இம்மாற்றத்திற்கான சான்று மறையும். எனவே பழம்பெயரைப் பாடத்திலும் இன்றைய பெயரை அடைப்புக்குறியிலும் தருதல் வேண்டும்.