முத்திரையும் சாட்சியும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த பழம்பதி திருமுல்லைவாயில். அங்குள்ள மாசிலாமணீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. கொடுத்ததைக் கல்லில் வெட்டிவைத்த காலம் அது. இன்று வயல்கள் மனைகளாகிவிட்டன. கல்லின் இடத்தைத் தாள் பிடித்துக்கொண்டது. ஆனால், எழுத்தை எவ்வாறு நம்புவது என்னும் கேள்வி மட்டும் மாறவில்லை.

12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார், திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த ஒரு வழக்கைப் பாடுகிறார். முதியவர் நீட்டிய ஓலையிலுள்ள கையெழுத்தை, காப்பிலிருந்த வேறோர் ஓலையுடன் ஒப்பிட்ட பின்னரே அவையினர் தீர்ப்புக் கூறினர். திருமறையின் மிக நீண்ட வசனமும் (2:282) கடனை எழுதிக்கொள்வது பற்றியதே. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், எழுதியவருக்கும் சாட்சிக்கும் இடர் நேரலாகாது. இதனை அடியொற்றி, பத்திரம் எழுதும் முறை இஸ்லாமியச் சட்டத்தில் ‘ஷுரூத்’ என்னும் தனிக்கலையாக வளர்ந்தது. 933இல் மறைந்த எகிப்திய அறிஞர் இமாம் தஹாவி அத்துறையில் நூல்கள் யாத்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில், கான்டர்பரிப் பேராயரின் நீதிமன்றமே இந்தியாவுக்கும் நோட்டரிகளை நியமித்துவந்தது! 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டப்படி இந்திய அரசு நியமித்தோரின் அதிகாரம் அச்சட்டத்தின் தேவைகளோடு நின்றது. விடுதலைக்குப் பின் 1952இல் நோட்டரிச் சட்டம் இயற்றப்பட்டது. 1956இல் அதற்குரிய விதிகள் வந்தன.

நோட்டரியின் பணிதான் என்ன? ஆளை அடையாளம் காண்பது. தம் முன்னிலையில் கையொப்பம் பெறுவது. பிரமாண வாக்குமூலம் வாங்குவது. மூலத்தோடு நகலை ஒப்பிட்டு மெய்ந்நகல் எனச் சான்றளிப்பது. பின்னர்ப் பதிவேட்டில் குறித்து, ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரையைப் பதிக்கிறார்.

அம்முத்திரை, ‘இன்னார் என் முன் கையொப்பமிட்டார்’ என்று சொல்லும். ‘இதிலுள்ளதெல்லாம் உண்மை’ என்று சொல்லாது. இவ்வேறுபாட்டை அறியாமல் இடர்ப்படும் குடும்பங்கள் பல. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனையின் கிரயம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் செல்லும்; 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் அவ்வாறே விதிக்கிறது. நோட்டரி முத்திரை மட்டும் பெற்ற தாளை நம்பி மனைக்குப் பணம் கொடுப்பவர், பணத்தை இழக்கவும் கூடும். முஸ்லிம்கள் வழங்கும் ‘ஹிபா’வுக்கு அச்சட்டத்தின் 129ஆம் பிரிவு விலக்களிக்கிறது. எனினும் கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சொத்தின் ஒப்படைப்பு ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். முத்திரை அவற்றுக்கு ஈடாகாது.

தந்தை மறைந்த வீட்டில், ‘வெறும் கையொப்பம்தானே’ என்று கூறித் தங்கையின் முன் ஒரு தாளை நீட்டும் வழக்கமும் நம்மிடையே இல்லாமலில்லை. மார்க்கம் அவளுக்கு வகுத்த பங்கு அவ்வொரு வரியில் கரைந்துவிடலாம். எழுதியதை அவளுக்கு முழுதும் வாசித்துக்காட்டுவதும், அவள் விளங்கிக்கொண்ட பின்னரே கையொப்பம் பெறுவதும் உடன்பிறந்தோர் கடமையாகும். முத்திரை கைக்குச் சாட்சி. உள்ளத்திற்குச் சாட்சி இறைவன் ஒருவனே.