சேத்துப்பட்டில் தேறிய மாத்திரை

ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் பெரியவர்கள் மார்பு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். நுரையீரலில் பழைய தழும்பு தெரிந்தால், வந்து இறங்கியதும் மருத்துவரிடம் காட்டுவதாக எழுதிக் கொடுக்கவும் வேண்டும். சிட்னியின் மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சடங்கு புதிதல்ல. கோவிலுக்குப் பக்கத்துப் பகுதியான வெஸ்ட்மீடில்தான் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் காசநோய்க் கிருமி ஆய்வகமும் இருக்கிறது. இந்நாட்டில் இன்று காசநோய் கண்டறியப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு, கிருமி நம் ஊர்களிலிருந்து வருகிறது, மருந்து மேற்கிலிருந்து வருகிறது என்று தோன்றுவது இயல்பு. முதல் பாதியில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாம் பாதியை வரலாறு ஏற்கவில்லை. ஆய்வகத்தில் பிறப்பது வேதிப்பொருள் மட்டுமே. அது யாருக்கு, எந்த அளவில், எத்தனை நாள், எந்தச் சூழலில் பலிக்கும் என்று தெரிந்த பிறகே அதற்கு மருந்து என்று பெயர். காசநோயைப் பொறுத்தவரை அந்த இரண்டாம் வேலையின் பெரும் பங்கு சென்னையில் நடந்தது.

மூலக்கூறு இல்லாமல் எதைச் சோதிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஐசோநியாசிடின் கதை வேறொன்றைச் சொல்கிறது. பிராக் நகரில் ஹான்ஸ் மேயரும் யோசப் மாலியும் 1912-லேயே அதைத் தயாரித்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் அது ஏட்டில் கிடந்தது. அதற்குள் காசநோயில் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1951-52-இல் மூன்று நிறுவனங்கள் தனித்தனியே அதன் ஆற்றலைக் கண்டபின், நியூயார்க்கின் ஸீ வியூ மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் உலகம் விழித்தது. ஸ்ட்ரெப்டோமைசினின் கதை இதற்கு நேர்மாறு. 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டதுமே அற்புத மருந்தாகப் புகழப்பட்டது. பிரிட்டனில் 107 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய சோதனையில், ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும் பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். ஐந்தாண்டு கழித்து அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. ஒற்றை மருந்து போதாது, கூட்டாகக் கொடுக்க வேண்டும் என்ற பாடத்தை எந்தச் சோதனைக் குழாயும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த பொறுமைதான் சொன்னது.

கூட்டு மருந்து கையில் வந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது: நோயாளியை எங்கே வைப்பது? சிட்னிக்குத் தெற்கே வாட்டர்ஃபாலில் 1909-இல் திறந்த அரசுச் சானடோரியம் அந்தக் காலத்தின் பதில். நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, ஊரிலிருந்து விலக்கம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கியதும் அதே நம்பிக்கையில்தான். சானடோரியத்தின் பெயரில் ஒரு ரயில் நிலையமே அங்கே நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலியா 1948-இல் காசநோய்ச் சட்டம் இயற்றி, செலவை மத்திய அரசே ஏற்று, ஊரெல்லாம் எக்ஸ்ரே எடுத்து, 1950 முதல் நோயாளிக் குடும்பங்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தது. வேலை போய்விடும் என்ற பயமில்லாமல் சிகிச்சைக்கு வர இது வழிசெய்தது. 1958-இல் வாட்டர்ஃபால் சானடோரியம் மூடப்பட்டது. பணமும் படுக்கையும் உள்ள நாட்டுக்குப் பொருந்திய வழி இது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சில ஆயிரம் படுக்கைகளே இருந்த இந்தியாவுக்கு இது ஏட்டுச் சுரைக்காய்.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. முதலில் அதை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். அங்கே எடுத்துக்கொண்ட கேள்வி எளியது, துணிச்சலானது: நெரிசலான குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருப்பவர், சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமாவாரா? 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் சானடோரியத்துக்கும் பிரிக்கப்பட்டார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே கூட்டு மருந்து, ஐசோநியாசிடும் பாஸ் (PAS) என்ற மருந்தும், ஓராண்டு. வீட்டில் இருந்தவர் மருந்தை விழுங்கினாரா என்று அறியச் சிறுநீர் சோதிக்கப்பட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணிப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நோய் அடங்கியவர்களாக இருந்தார்கள். வீட்டாருக்குத் தொற்றிவிடும் என்ற அச்சத்தையும் அளந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே தொற்றிவிட்டது. மருந்து தொடங்கியபின் பரவல் விரைவில் தணிந்தது. சானடோரியம் என்ற கட்டடத்தின் அவசியத்தையே இந்த முடிவு அசைத்துவிட்டது. 1960-களில் அதே மையம் வாரம் இருமுறை, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்தது. பின்னாளில் உலகம் முழுவதும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறையின் வேர் அங்கே இருக்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. காசநோயைக் குறைத்தது சோறும் வீடும்தான், மருந்தல்ல என்பது ஒன்று. மேற்கு நாடுகளில் மருந்து வருவதற்கு முன்பே மரணங்கள் குறையத் தொடங்கியது உண்மை. 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில், நோயாளி வீட்டாருக்குச் சத்துணவு கொடுத்ததால் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. உணவு நோயைத் தடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் நோய் வந்தபின்? சென்னைச் சோதனையில் சானடோரியத்தார் சாப்பிட்ட உணவு மிகச் சத்தானது, வீட்டில் இருந்த நோயாளிகளின் சாப்பாடு அதற்கு அருகே வராது. அப்படியிருந்தும் குணம் ஏறத்தாழ ஒன்றே. தடுப்பது சோறு, தீர்ப்பது மருந்து. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க முடியாது. இரண்டாவது மறுப்பு கடுமையானது: ஏழைகளை வைத்துச் சோதனை செய்தார்கள் என்பது. ஏழ்மை இருந்ததால்தான் அந்தக் கேள்வியே எழுந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரு பிரிவுக்கும் பலன் தெரிந்த கூட்டு மருந்தே கிடைத்தது. எழுப்பிய கேள்வி அவர்களுடைய சொந்த ஊரின் கேள்வி. கிடைத்த விடையும் முதலில் அவர்களுக்கே உதவியது. வெளியூருக்கான விடையை உள்ளூர் உடம்பில் தேடுவதுதான் சுரண்டல், இது அதுவல்ல.

சுரண்டல் என்ற சொல்லை வைக்க வேண்டிய இடம் வேறு. ரிஃபாம்பிசின் வந்த 1960-களுக்குப் பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் இந்த நோய்க்கென்று புதுவகை மருந்து வரவில்லை. பணக்கார நாடுகளில் நோய் அடங்கியதும் நிறுவனங்களின் ஆர்வமும் அடங்கியது. காரணம் சந்தை மட்டுமல்ல என்பார்கள், அதுவும் சரி. மெழுகுச் சுவர் போர்த்திய கிருமி இது. ஒருமுறை பிளவுபடவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொண்டு, உறங்கியும் கிடக்கும். நொதியை முடக்குகிற மூலக்கூறை வடிவமைத்தாலும் அது பெரும்பாலும் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. அந்த நாற்பது ஆண்டுக்குப் பிறகு வந்த புதுமருந்தான பெடாகுவிலினைக் கண்ட பெல்ஜியக் குழு ஒரு நொதியைக் குறிவைத்துத் தொடங்கவில்லை. வேகமாக வளரும் உறவுக்காரக் கிருமியின் மேல் பல சேர்மங்களைப் போட்டு, எது கொல்கிறது என்று பார்த்தது; அது கிருமியின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்துகிறது என்பது பின்னர் தெரிந்தது. 2012-இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. ஆனால் கடினம் என்ற ஒன்று மட்டும் நாற்பது ஆண்டு மௌனத்துக்கு விளக்கமாகாது. அந்த நாற்பது ஆண்டில் எத்தனையோ கடினமான நோய்களுக்கு மருந்து வந்தது. பெடாகுவிலின் வந்தபின்னும் அதன் காப்புரிமையை நீட்டிக்க அதைத் தயாரிக்கும் நிறுவனம் முயன்றது. நோயிலிருந்து மீண்ட இரு பெண்கள், இந்தியாவின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேவும், எதிர்த்து மனுச் செய்ய, 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த நீட்டிப்பை மறுத்தது.

இனி கணினியே மூலக்கூறை வடிவமைக்கும், நீண்ட சோதனைகள் தேவைப்படா என்ற பேச்சு இப்போது கேட்கிறது. ஆனால் கையில் உள்ள மருந்தை எப்படிக் கொடுப்பது என்பதுகூடச் சோதனையில்தான் தெரிகிறது. பெடாகுவிலின், பிரிடோமானிட், லைனசோலிட் என்ற கூட்டு தென்னாப்பிரிக்காவில் மருந்துக்கு அடங்காத காசநோயுள்ள 109 பேரிடம் சோதிக்கப்பட்டபோது பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள்; ஆனால் லைனசோலிடின் அளவு அதிகமானதால் பெரும்பாலோருக்குக் கைகால் நரம்பு பாதித்தது. எவ்வளவு குறைத்தால் நரம்பு தப்பும், கிருமி தப்பாது? இதை விசாரித்த சோதனைகளில் ஒன்றை நடத்தியது அதே சேத்துப்பட்டு மையம்; இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சிட்னிப் பல்கலைக்கழகத்தார் வியட்நாமில், மருந்துக்கு அடங்காத காசநோயாளிகளின் வீட்டாருக்கு லீவோஃப்ளாக்சசின் கொடுத்து நடத்திய சோதனையில் நோய் குறைந்ததுபோல் தெரிந்தும், எண்ணிக்கை சிறிதானதால் உறுதி சொல்ல முடியவில்லை. தென்னாப்பிரிக்கச் சோதனையோடு சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் பலன் தெளிவானது. கணினி மூலக்கூறைத் தரலாம். இந்த விடைகளை வீடுகளுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். 1956-இல் அப்படி வீடு வீடாகப் போனவர்கள் கொண்டுவந்த விடையினால்தான், இன்று மேய்ஸ் ஹில்லில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் அவர் தன் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டுக் குணமாக முடிகிறது.