பில்: கப்பலுக்கு வழிகாட்டிய ஊர்

இங்கிலாந்தில் ஏவன் ஆற்றங்கரையில் இருக்கிறது பில் என்ற சிற்றூர். கடல் ஏறி இறங்கும்போது சில நாட்களில் ஆற்றுநீர் 12 மீட்டர் வரை உயர்ந்து தாழும். கரையெல்லாம் சேறு, ஆறெல்லாம் வளைவு. பிரிஸ்டல் துறைமுகத்துக்குக் கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பில் ஊர்ப் பைலட்டுகள் வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக அதுவே அவர்களின் பிழைப்பாக இருந்தது.

1698க்கும் 1807க்கும் இடையே, ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகப் பிடித்துப்போகப் புறப்பட்ட பிரிஸ்டல் கப்பல்கள் இந்த ஆற்றின் வழியேதான் போயின. அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையோடு திரும்பின. அவை கடத்தியவர்கள் சுமார் 5 லட்சம் பேர்.

2020இல் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையை மக்கள் அதே துறைமுகத்து நீரில் தள்ளினார்கள். நியாயம்தான். ஆனால் தோழர்களே, ஒடுக்குமுறையை முதலாளி மட்டும் நடத்துவதில்லை. கூலிக்கு வழிகாட்டும் கைகளும் சேர்ந்தே நடத்துகின்றன. நம் கை எந்தக் கப்பலுக்கு வழிகாட்டுகிறது?