இரண்டு பந்துகள்

பரளச்சி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டுச் சம்சாரிக்கு ஒரு சங்கடம் உண்டு. ஐப்பசியில் மழை பெய்தவுடன், அந்த ஈரத்தில் கம்பு விதைப்பதா, பருத்தி ஊன்றுவதா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். தை மாதத்தில் பக்கத்துப் புஞ்சை செழித்து நிற்கும்போது, "அதையல்லவா போட்டிருக்க வேண்டும்!" என்று சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மழை பெய்த அன்று மட்டும் அந்த ஞானிகளைக் காண முடியாது.

நம் விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையிலும் இப்படி ஒரு விதைப்பு நடந்தது. அவர் எம். ஜே. கோபாலன். 1909-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவில் மொறப்பாக்கத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் வளர்ந்த அந்த இளைஞருக்கு இரண்டு பந்துகளும் வசப்பட்டன. கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசினார். ஹாக்கியிலும் இந்தியாவின் முன்னணி வீரர்களுள் ஒருவரானார்.

இன்று இங்கிலாந்தில் ரக்பி ஆடும் வாலிபன் ஒருவன் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, ஆட்டத்தையே பிழைப்பாக வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேசத்திலேயே ரக்பி யூனியன் ஆட்டக்காரர் பகிரங்கமாகச் சம்பளம் வாங்க 1995-ல்தான் அனுமதி பிறந்தது. அப்படியிருக்க, 1930-களின் சென்னையில் ஆட்டத்தை நம்பி யார் அடுப்பு மூட்டுவது? கோபாலனின் திறமையைக் கண்டுகொண்ட ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் அவருக்கு பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தார். ஆபீஸ் சோறு போட்டது. மைதானம் பெயர் கொடுத்தது.

பெயரும் விரைவாகவே வந்தது. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடி ஒரு விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் முதன்முதலாகத் தொடங்கியபோது, அதன் முதல் பந்தை வீசியவரும் அவரே. மைசூருக்கு எதிரான அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்து, சென்னை ஜெயித்தது. மறு வருஷம் ஹாக்கிக் கோஷ்டியுடன் நியூஜிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார். கூடச் சென்றவர் தியான் சந்த்! கோஷ்டி ஆடிய 48 ஆட்டங்களிலும் வெற்றி.

பிறகு வந்தது 1936. கிரிக்கெட் கோஷ்டி சீமைக்குப் புறப்பட்டது. அதே கோடையில் பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கி. இரண்டில் ஒன்றுதான் முடியும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

சீமையில் நடந்தது என்ன? தலைவர் விஜியநகரம் மகாராஜகுமாரருக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது. சிறந்த ஆட்டக்காரரான அமர்நாத் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட கோபாலனுக்கு இடமில்லை. ஆகஸ்டு 15-ஆம் தேதி பெர்லினில் தியான் சந்தின் கோஷ்டி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றது. மறுபடி ஒரு டெஸ்ட் ஆடும் வாய்ப்பும் கோபாலனுக்கு வரவேயில்லை.

"தவறான முடிவு!" என்று சொல்வது எளிது. 1928-லும் 1932-லும் ஹாக்கியில் தங்கம் நமக்கே வந்திருந்தது. கிரிக்கெட்டிலோ நாம் ஒரு டெஸ்டுகூட ஜெயித்ததில்லை. முதல் வெற்றி 1952-ல்தான், அதுவும் அவருடைய சேப்பாக்கத்தில்தான் கிட்டியது. ஆகவே கணக்குப் பார்ப்பவன் பெர்லினுக்கே போயிருப்பான். ஆனால் இருபத்தாறு வயது வீரனின் மனம் கணக்குப் பிள்ளையின் மனமா? ஹாக்கியில் அவர் வெற்றியை வயிறாரச் சுவைத்துவிட்டார். கிரிக்கெட்டில் கண்டது ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட். பசி எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் போனார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம்பி வந்தவனைப் பெஞ்சியில் உட்கார வைத்தவர்களை விட்டுவிட்டு, வந்தவனைக் குறை சொல்வது எந்த நியாயம்?

1952-53-ல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய பந்தயத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2003 டிசம்பரில், தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் சென்னையில் காலமானார். டெஸ்ட் ஆடியவர்களில் அன்று உலகிலேயே மூத்தவர் அவர்தான். வராமற்போன பதக்கத்தை மட்டும் சொல்லி அந்த நீண்ட வாழ்வை முடித்துவிடுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.