ஆயுதமும் நீதியும்

காரைக்காலின் வட எல்லையில் அமைந்த சிற்றூர் பூவம். அதற்கு வடக்கே தரங்கம்பாடி. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றபின், பூவத்தின் எல்லை இரு பேரரசுகளைப் பிரித்து நின்றது. வடக்கே ஆங்கிலேயர் ஆட்சி. தெற்கே பிரெஞ்சு ஆட்சி. அங்கே செல்லுபடியான ஆயுதச் சட்டம் இங்கே செல்லாது.

அந்த ஆங்கிலேயச் சட்டம் எத்தகையது? 1878-இல் லிட்டன் பிரபுவின் காலத்தில் பிறந்தது அது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியனுக்கோ விலக்கு உண்டு. கட்டுப்பாட்டை விட, அதிலிருந்த பாகுபாடே மக்கள் நெஞ்சைச் சுட்டது.

1887 டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் நம் சமுதாயப் பெரியார் பத்ருத்தீன் தையப்ஜி. இச்சட்டத்தைத் திருத்தக் கோரும் தீர்மானம் அங்கே நிறைவேறியது. கட்டுப்பாடே கூடாதென்று அவர்கள் கேட்கவில்லை. தக்க காரணம் காட்டி அரசு தடுத்தாலன்றி, எவரும் ஆயுதம் வைத்திருக்கலாம் என்ற நிலையையே வேண்டினர். அரசு செவிசாய்க்கவில்லை.

விளைவு என்ன? பிரெஞ்சு மண்ணாகிய புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சிநாதன் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார்; வாஞ்சியும் தம்மையே சுட்டு மாய்ந்தார். அநீதியான சட்டம் ஆயுதத்தை ஒழிப்பதில்லை. எல்லைக்கு அப்பால் ஒதுக்கி வைக்கிறது, அவ்வளவே.

1954 நவம்பர் முதல் நாளில் காரைக்கால் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1959-இல் விடுதலை இந்தியா புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. வெள்ளையருக்கொரு நீதி, நமக்கொரு நீதி என்பது அதில் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் குடகு மக்கள் பெற்ற விலக்கு மட்டும் இன்றும் தொடர்கிறது. 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இன்று பூவத்தின் இருபுறமும் ஒரே சட்டம்.

அமெரிக்காவிலோ 1791-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஆயுதம் குடிமகனின் உரிமையாயிற்று. அதன் எல்லை எது என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. தற்காப்பு வேண்டுமென்பார் கூற்றிலும் உண்மை உண்டு. சினம் கொண்டவன் கையில் எட்டும் துப்பாக்கி குடும்பத்தையே அழிக்கும் என்பார் கூற்றிலும் உண்மை உண்டு.

அம்புகளோடு பள்ளிவாசலையோ கடைவீதியையோ கடப்பவர், பிறர்மேல் படாதவாறு அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டுமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அம்பை அவர்கள் விலக்கவில்லை. முனையைக் காக்கச் சொன்னார்கள். அக்கடமை செல்வனுக்கும் ஏழைக்கும், ஆள்வோனுக்கும் குடிமகனுக்கும் ஒன்றே. எல்லோர்மேலும் ஒன்றுபோல் படியும் கட்டுப்பாடே நீதி. சிலர்மேல் மட்டும் விழுவது அடக்குமுறை.