பூஞ்சேரிப் பந்தயமும் பல்லவமல்லன் தேர்வும்

மாமல்லபுரம் என்றதும் நம் வாசகர்களுக்கு அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற பழைய வழக்குத்தான் முதலில் நினைவுக்கு வரும். அது இப்போதைக்குத் தீரப்போவதில்லை. ஆகவே அதே ஊரில் பிறந்த புதியதொரு வழக்கை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். 2022ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டிய பந்தயம். உக்ரைன் போரால் இடம் மாறி, சில மாத அவகாசத்தில் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அப்பந்தயம் முடிந்த நாள்முதல் நண்பரொருவர் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்: "குகேஷை முதல் அணியில் சேர்த்திருந்தால் தங்கம் நமக்குத்தானே?"

கேள்விக்கு அடிப்படை இல்லாமலில்லை. போட்டியை நடத்தும் நாடு என்ற சலுகையால் பொதுப்பிரிவில் இந்தியாவுக்கு மூன்று அணிகள் கிடைத்தன. முதல் அணியில் ஹரிகிருஷ்ணா, விதித் குஜராத்தி, அர்ஜுன் எரிகைசி, எஸ்.எல். நாராயணன், கி. சசிகிரண். இரண்டாம் அணியில் குகேஷ், நிஹால் சரீன், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் சாத்வானி. தரப்புள்ளிச் சராசரியில் முதல் அணி 2696. அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாம் இடம். இரண்டாம் அணி 2649. வரிசையில் பதினோராம் இடம். பதினொரு சுற்றுகள் முடிந்தபோது பதினோராம் இடத்துப் பிள்ளைகள் 18 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றிருந்தார்கள். முதல் அணி 17 புள்ளிகளுடன் நான்காம் இடத்தில் நின்றது. தனிநபர் கணக்கில் முதற்பலகைத் தங்கம் குகேஷுக்கு, இரண்டாம் பலகைத் தங்கம் நிஹாலுக்கு, மூன்றாம் பலகை வெண்கலம் பிரக்ஞானந்தாவுக்கு. அப்புறம் கேட்கவேண்டுமா? தேர்வுக்குழுவினர் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தார்கள் என்ற பேச்சு தேநீர்க்கடை வரைக்கும் வந்துவிட்டது.

நண்பர் சொல்கிறபடியே செய்து பார்ப்போம். குகேஷைத் தூக்கி முதல் அணியில் வைக்கிறோம். எந்தப் பலகையில் வைப்பது? அணியில் ஹரிகிருஷ்ணா 2720, விதித் 2714, அர்ஜுன் 2689. குகேஷ் 2684. நான்காம் பலகை, மிஞ்சிப்போனால் மூன்றாம் பலகை. அங்கே அமர்ந்தால் எதிரே வருபவர்களும் மூன்றாம், நான்காம் பலகைக்காரர்களே. முதல் எட்டுச் சுற்றுகளிலும் அவர் தொடர்ந்து வென்றாரே, ஸ்பெயினின் ஷிரோவையும் அர்மேனியாவின் சர்கிசியனையும் அமெரிக்காவின் கருவானாவையும் வீழ்த்தினாரே, அந்த ஆட்டங்கள் எவையும் நடந்திருக்கமாட்டா! அவற்றுக்கு மாற்றாக வேறு எட்டு ஆட்டங்கள். அவற்றில் வென்றிருக்கலாம், தோற்றிருக்கலாம். இன்னொன்று: குகேஷ் இல்லாத இரண்டாம் அணி அமெரிக்காவை 3-1 என்று வென்றிருக்குமா? கையிலிருந்த வெண்கலத்தைக் கொடுத்துவிட்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற தங்கத்துக்குக் காத்திருப்பதாக முடியும் இந்த வியாபாரம்.

பின்னோக்கிப் பார்க்கும் கண்ணுக்கு இப்படியொரு பழக்கம் உண்டு. கடந்தகாலத்தில் ஒரு காயை மட்டும் நகர்த்திவிட்டு, மற்றக் காய்களெல்லாம் அப்படியே நிற்கும் என்று நம்பிவிடும்.

பத்தாம் சுற்றையும் இதே கண்ணால்தான் பலரும் பார்க்கிறார்கள். எதிரே உஸ்பெகிஸ்தான். வரிசையில் பதினான்காம் இடத்தில் தொடங்கி, யாரும் எதிர்பாராமல் முன்னணியில் நின்ற இளைஞர் படை. முதற்பலகையில் அப்துசத்தோரவுக்கு எதிராகக் குகேஷின் கை ஓங்கியிருந்தது. சமன் செய்துகொள்ள வழியிருந்தும் வெற்றியைத் தேடினார். ஆட்டம் நீண்டது. கடிகாரம் நெருக்கிய கடைசிக் கட்டத்தில் குதிரையை இழக்கும் ஒரு நகர்த்தல்! பிரக்ஞானந்தா சிந்தரோவை வென்று அணியைத் தாங்கிப் பிடித்ததால் 2-2 என்று சமனாயிற்று. உஸ்பெகிஸ்தான் 19 புள்ளிகளுடன் தங்கத்தைக் கொண்டுபோனது. குகேஷ் அன்று சமன் செய்திருந்தால் அணிக்கு வெற்றி, இது கணக்கு. ஆனால் சமனுக்கு உடன்படாத அதே பிடிவாதம்தானே முதல் எட்டு வெற்றிகளையும் ஈட்டித் தந்தது! எட்டு நாள் வேண்டும், ஒன்பதாம் நாள் வேண்டாம் என்று ஒரு குணத்தை எப்படிப் பிரித்தெடுப்பது? பதினாறு வயதுப் பையனிடம் அதைக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இவ்விடத்தில் வாசகர்கள் அனுமதித்தால் காஞ்சிவரை ஒரு நடை போய்வரலாம். பூஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்றால் அதிகத் தொலைவில்லை. வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றின் சிற்பங்களையும் அவற்றோடு வெட்டப்பட்ட கல்வெட்டுகளையும் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். இரண்டாம் பரமேசுவரவர்மர் மறைந்தபின் அரசுக்கு உரியவர் இல்லை. மாத்திரர், மூலப்பிரகிருதியர், கடிகையார் ஆகியோர் திரண்டு இரணியவர்மரிடம் செல்கிறார்கள். அவருக்கு மக்கள் நால்வர். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் மறுத்துவிட, கடைக்குட்டியான பல்லவமல்லன் சம்மதிக்கிறான். வயது பன்னிரண்டு! அவனே இரண்டாம் நந்திவர்மனாக அறுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டான். என்ன தீர்க்கதரிசனமான தேர்வு என்று வியக்கிறோம்.

ஆனால் இடையில் நடந்தவற்றைப் பாருங்கள். சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தான். கயிலாசநாதர் கோயிலில் அவன் வெட்டுவித்த கன்னடக் கல்வெட்டு இன்றும் சாட்சி. இன்னொரு சமயம் பகைவர் நந்திபுரத்தில் பல்லவமல்லனை முற்றுகையிட்டபோது, படைத்தலைவன் உதயசந்திரன் வந்து சித்திரமாயனைக் கொன்று மன்னனை மீட்டான் என்று உதயேந்திரம் செப்பேடு பேசுகிறது. உதயசந்திரன் வர ஒருநாள் தாமதமாகியிருந்தால்? "பன்னிரண்டு வயதுச் சிறுவனை அரியணையில் ஏற்றிய மூடர்கள்" என்று அதே கடிகையாரை நாமே ஏசிக்கொண்டிருப்போம். இன்னொன்றையும் மறக்கலாகாது. அந்தச் சிற்பத் தொடரைச் செதுக்குவித்தவன் தேர்ந்தெடுக்கப்பட்டவனேதான். மறுத்த மூன்று தமையன்மார் எழுப்பிய கோயில் ஏதும் இல்லை!

பூஞ்சேரிக்குத் திரும்புவோம். தேர்வுக்குழுவின்மேல் குற்றமே இல்லையா என்று நண்பர் விடாப்பிடியாகக் கேட்டால், ஒன்றை ஒப்புக்கொள்வேன். முடிவு தெரிந்தபின் சொல்வதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அன்றே தெரிந்திருக்கக்கூடியதை மட்டும் சொல்லவேண்டும். அப்படித் தெரிந்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது. அணிகள் அறிவிக்கப்பட்டது மே மாதத் தொடக்கத்தில். பந்தயம் தொடங்கியதோ ஜூலை இறுதியில். வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மூன்று மாதம் பெரிதன்று. பதினாறு வயதுக்காரனுக்கு அது ஒரு யுகம். போதாக்குறைக்குக் கொரோனாக் காலத்தில் பலகைக்கு முன் அமர்ந்து ஆடும் பந்தயங்கள் முடங்கிக் கிடந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்றுக்கொண்டே இருந்தார்கள். தரப்புள்ளியோ நின்ற இடத்தில் நின்றது. ஆக, அந்தப் பட்டியல் பெரியவர்களை ஏறத்தாழச் சரியாகவும் சிறுவர்களைக் குறைத்தும் காட்டிற்று. போட்டி தொடங்கும் வேளையில் நிஹால் 2651, பிரக்ஞானந்தா 2648, முதல் அணியின் ஐந்தாமவரான சசிகிரண் 2638. அந்த ஐந்தாம் இடத்தைப் பற்றி மட்டும் அன்றைக்கே வாதிட்டிருக்கலாம்.

வாதிட்டிருந்தால் நான் சசிகிரண் பக்கம் நின்றிருப்பேன் என்பது வேறு விஷயம். காரணம் 2014. நார்வேயின் டிராம்சோ நகரில் நடந்த ஒலிம்பியாடுக்கு ஆனந்தும் செல்லவில்லை, ஹரிகிருஷ்ணாவும் செல்லவில்லை. நேகி, சேதுராமன், சசிகிரண், அதிபன், லலித் பாபு ஆகிய ஐவர் பத்தொன்பதாம் வரிசையில் தொடங்கி வெண்கலத்தோடு திரும்பினார்கள். பொதுப்பிரிவில் இந்தியாவின் முதற் பதக்கம் அது. அந்த ஐவரில் மூவர் பூஞ்சேரியிலும் இருந்தார்கள், அணிக்கு ஒருவராக: முதல் அணியில் சசிகிரண், இரண்டாம் அணியில் அதிபன், மூன்றாம் அணியில் சேதுராமன். டிராம்சோ அணிக்குப் பயிற்சியளித்த ஆர்.பி. ரமேஷ்தான் பூஞ்சேரியில் இரண்டாம் அணியின் பொறுப்பில் இருந்தவர். பிரக்ஞானந்தாவுக்கு இளமையிலிருந்தே ஆசான். தரவரிசை கைவிட்ட அணியை மேடையேற்றும் வித்தையை அவர் முன்பே கற்றிருந்தார். எதிர்பார்ப்பின் சுமை முழுவதும் முதல் அணியின் தோளில் இருந்தது. பிள்ளைகள் கைவீசி நடந்தார்கள்.

நட்சத்திரங்களைச் சேர்த்தால் அணியாகிவிடுமா என்பதற்கு அதே அரங்கில் இன்னொரு சாட்சி இருந்தது. அர்மேனியாவின் தலைசிறந்த வீரர் ஆரோனியன் அந்நாட்டை விட்டு அமெரிக்காவுக்கு ஆடவந்திருந்தார். அவரைப் பெற்ற அமெரிக்கா முதல் வரிசையில் தொடங்கி ஐந்தாம் இடத்தில் முடித்தது. அவரை இழந்த அர்மேனியா வெள்ளி வென்றது. போகிற வழியில் ஆறாம் சுற்றில் நம் இரண்டாம் அணியையும், எட்டாம் சுற்றில் முதல் அணியையும் அதுவே தோற்கடித்தது.

2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட். இம்முறை ஒரே அணி. இரண்டாம் அணியிலிருந்து குகேஷ், பிரக்ஞானந்தா. முதல் அணியிலிருந்து அர்ஜுன், விதித், ஹரிகிருஷ்ணா. பூஞ்சேரியில் முதல் அணிக்குப் பொறுப்பாயிருந்த நா. ஸ்ரீநாத்தே தலைமை. 22 புள்ளிகளில் 21 பெற்றுத் தங்கம் வென்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் குகேஷ் உலக வாகையர் ஆனார். "பார்த்தீர்களா, 2022லேயே இப்படிச் சேர்த்திருந்தால்..." என்று நண்பர் அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். இரண்டாண்டுக்கு முந்தைய குகேஷ் இவரல்லர் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். "அதிருக்கட்டும், புடாபெஸ்டுக்கு நிஹாலை ஏன் அழைத்துப் போகவில்லை?"