ஊராத்துறையின் கடல் வாணிக விதி

வெளிநாட்டுப் பண்டம் ஒன்றை இலங்கைக்குள் கொணர விரும்பும் வணிகன் இன்று 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும், அதன்கீழ் வெளிவரும் வர்த்தமானி அறிவித்தல்களையும் நோக்கியே தன் முயற்சியைத் தொடங்கல் வேண்டும். எப்பண்டத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், எது தடையின்றி வரலாம் என்பன ஆங்கே வகுக்கப்பட்டுள. இங்ஙனம் அரசு பண்டங்களை வகைபிரித்து, ஒன்றற்கு ஒரு விதியும் மற்றொன்றற்கு வேறொரு விதியும் செய்தல் இக்காலத்தார் கண்ட புதுமை அன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அத்தகைய விதியொன்று நம் தீவகத்துக் கல்லிலே தமிழிற் பொறிக்கப்பட்டுளது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள அக்கல்வெட்டினைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழிலே பதிப்பித்து விளக்கினார். கல்லின் முற்பகுதி சிதைந்துவிட்டது. இறுதியில் வடமொழியில் எழுதப்பெற்ற பகுதி தேவ பராக்கிரமபுஜன் என்னும் பெயரைத் தருகின்றது. அவன் பொலநறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. கல்வெட்டுக் கூறும் செய்தி சுருக்கமானது. பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து கூடுதல் வேண்டும். அவர்களுக்குக் காவல் அளித்தல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்ததாயின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்தைச் சேரும். முக்காற்பங்கு உடையவனுக்கே உரியது. பிற வாணிகப் பொருள் கொணர்ந்த கலம் உடைந்ததாயின் இருவர்க்கும் சரிபாதி. ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறையே.

உடைந்த கலத்தின் பொருளில் அரசனுக்கு ஏன் பங்கு? இன்று நமக்கு அது கொள்ளையாகத் தோன்றலாம். கடல் கரையில் ஒதுக்கிய பொருள் கரையை ஆள்வோனுக்கே உரியது என்பது அக்காலத்துப் பல நாடுகளிலும் நிலவிய வழக்கம். ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244 அளவில் நாட்டிய சாசனம் இதனை ஒளியாது உரைக்கின்றது. புயலில் அகப்பட்டுத் தம் கரையை அடைந்த மரக்கலங்களின் பொருள் முழுவதையும் முன்னை அரசர் கவர்ந்துகொண்டனர் என்றும், தான் முறைப்படியான சுங்கத்தை மட்டுமே கொள்வதாகவும் அவன் அதில் அறிவிக்கின்றான். ஏற்றுமதி, இறக்குமதி ஆகிய இரண்டற்கும் சுங்கம் முப்பதில் ஒன்று. பெருந்தன்மையிற் கணபதிதேவனே விஞ்சினான் என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனினும் பராக்கிரமபாகுவின் விதி அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது. ஆழமற்ற நீரும் பாறைத்திட்டும் நிறைந்த தீவகக் கடலிலே கலத்தைப் பறிகொடுத்து நின்ற வணிகனுக்கு, எஞ்சியதிற் பாதி உன்னுடையது என்று ஒரு கல் முன்கூட்டியே சொல்லி நின்றமை சிறிய உதவி அன்று. அவன் வழக்காடித் தன் பங்கைப் பெறவேண்டியது இல்லை. அரசனே தன் உரிமைக்கு எல்லை வகுத்துக்கொண்டான்.

யானைக்கும் குதிரைக்கும் சலுகை கூடியது ஏன்? குதிரை இத்தீவிற்கு இயல்பான விலங்கன்று. படைக்கு வேண்டிய குதிரை கடல் வழியே வருதல் இயற்கையே. யானையோ ஈழத்துக் காடுகளில் நிறைந்திருந்தது. இங்கிருந்து யானைகளைக் கலத்தில் ஏற்றிக் கலிங்க நாட்டரசனுக்கு விற்றனர் எனப் பண்டைக் கிரேக்க நூலாசிரியர் ஈலியனும் எழுதிவைத்தார். அவ்வாறிருக்க, யானையை இறக்குமதி செய்யும் வணிகனுக்கு வரிசை செய்வானேன்?

விடையைச் சூளவம்சத்தின் எழுபத்தாறாம் அதிகாரத்தில் ஓரளவு காணலாம். பராக்கிரமபாகு இராமஞ்ஞ தேசமாகிய பர்மாவின் மீது படையெடுத்தமைக்குக் காரணங்களை அது வரிசைப்படுத்துகின்றது. அவற்றுள் தலையாயது யானை ஏற்றுமதிக்கு அந்நாட்டரசன் விதித்த கட்டுப்பாடு. முன்னர் வழக்கமான விலைக்கு விற்கப்பட்ட யானைகளைப் பிறநாட்டார்க்கு விற்றலாகாது என அவன் தடுத்தான். விலையைப் பன்மடங்கு உயர்த்தினான். காணிக்கையோடு வந்த கலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு யானை கொடுத்தனுப்பும் பழைய மரபையும் நிறுத்தினான். தூதரை அவமதித்தமையும், கம்போசத்துக்கு அனுப்பப்பட்ட இளவரசியைக் கவர்ந்தமையும் பின்னர்ச் சேர்ந்தன. கம்போச நாட்டுடனான வாணிக வழியே உண்மைக் காரணம் என்பாரும் உளர். போர் நடந்தது என்பதிற் சூளவம்சத்தை மட்டும் நம்பவேண்டுவதில்லை. குசுமித் துறையைத் தாக்கிய தலைவனுக்கு நிலம் வழங்கியதைப் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுத் தெவனகல கல்வெட்டும் கூறுகின்றது. பிறநாட்டான் விதித்த ஏற்றுமதித் தடைக்கு வாளெடுத்த அரசன், தன் துறைக்கு அதே விலங்கைக் கொணர்வோனுக்குச் சலுகை எழுதினான். நயினாதீவு விதி போருக்கு முற்பட்டதோ பிற்பட்டதோ, எஞ்சிய எழுத்துக்களைக் கொண்டு துணிதற்கில்லை. இரண்டும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை என்பது மட்டும் தெளிவு.

அவ்விதி தமிழில் எழுதப்பட்டமையும் கருதத்தக்கது. சிங்கள மன்னன் ஒருவனின் ஆணை இது. துறைமுகத்தில் யார் வாசிக்கவேண்டுமோ அவர்தம் மொழியில் அதனை அறிவித்தலே முறை என அவன் அதிகாரிகள் கண்டனர். வணிகனுக்கு விளங்காத மொழியில் எழுதப்படும் வாணிக விதி எவ்வளவு நேர்மையானதாயினும் அவனுக்குப் பயன்படுவது எங்ஙனம்?

முந்நூறு ஆண்டுக்கு மேல் கடந்தபின் இக்கடலில் விதியின் முகமே மாறிற்று. போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் ‘கர்த்தாஸ்’ எனப்படும் அனுமதிச் சீட்டு முறையை இந்து சமுத்திரத்திற் புகுத்தினர். கலம் எங்கே செல்கின்றது, எதனை ஏற்றலாகாது என்பன அச்சீட்டிற் குறிக்கப்படும். சீட்டு இன்றிச் செல்லும் கலம் சரக்கோடு பறிமுதலாகும். பழைய கல் வருக என்றது. புதிய சீட்டு, இன்றேல் வாராதே என்றது. 1619 இல் யாழ்ப்பாணம் அவர் வசமாயிற்று. 1658 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் யானை வாணிகத்தைத் தம் கும்பனியின் தனியுரிமையாக்கி, பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்திற்குக் கொணர்ந்து இந்திய வணிகர்க்கு விற்றனர். ஊர்காவற்றுறையின் மறுபெயராகிய கயிற்ஸ் என்பது ‘யானைத்துறை’ எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரின் சிதைவு என்பர். எவ்விலங்கு கரை சேரவேண்டும் என்று பராக்கிரமபாகு முக்காற்பங்கை விட்டுக்கொடுத்தானோ, அவ்விலங்கே பின்னாளில் அத்துறையிலிருந்து கப்பலேறிற்று.